வயசுக் கோளாறு

— டாக்டர் உள்ள கூப்பிட்டா நீ வாயத் தெறக்காத. பொண்டாட்டி விட்டுட்டுப் போன பெறகுதான் உங்கண்ணன் இந்தப் போதைப் பழக்கத்துல விழுந்தான்னு நான் சொல்லிக்கறேன்.

— ஏம்மா, அவ தலையில எதுக்குக் கட்டற? அவ கல்யாணமாகி வந்தப்பவே இவன் முழுசா முங்கிக் கெடந்தான்.

— நீ கண்டியாக்கும்?

— கண்டேன். எட்டாவது படிக்கறப்ப, பள்ளிக்கூடச் செவுத்துக்குப் பின்னாடி, பஞ்சர் சொல்யூஷனத் துணியில தடவி மோந்துக்கிட்டு நின்னான். ஓடி வந்து உங்கிட்டதான் சொன்னேன். பளார்னு அறைஞ்ச. என்னைய.

— அது வயசுக் கோளாறுடி.

— பக்கத்து வீட்டு சைக்கிளத் தள்ளிட்டுப் போய் வித்தானே?

— சேர்க்கை சரியில்ல.

— மருந்துக்கடைப் பூட்ட ஒடச்சானே?

— பதினாறு வயசு! அவனுக்கு என்ன தெரியும், பாவம்?

— எந்த டப்பாவ எடுக்கணும்னு நல்லாத் தெரிஞ்சுதும்மா. அப்பா ஸ்டேஷன்ல போய்க் கால்ல விழுந்தாரு. நீ அன்னிக்கு அவன மடியில போட்டு சோறு ஊட்டின.

— பெத்த வயிறுடி.

— இப்ப நாப்பது நெருங்குது. இதுவும் வயசுக் கோளாறா? போன தடவை இங்க சேத்தப்பவும் இதே பொய்யத்தான் சொன்ன. புதுப் பழக்கம்னு நம்பி சீக்கிரமே அனுப்பிட்டாங்க. வந்த வாரமே பாத்ரூம்ல ஒதடு நீலமாகிக் கெடந்தான். இன்னொரு தடவை அப்படி விழுந்தா பொழைக்க மாட்டான்னு சொன்னாங்கல்ல? இன்னிக்கு நாந்தான் பேசப் போறேன். ஆரம்பத்துலேர்ந்து, ஒண்ணு விடாம.

— சொன்னா மாசக்கணக்கா உள்ளயே வெச்சுடுவாங்கடி. எம்புள்ள தாங்க மாட்டான்.

— சரி, அந்தப் பைய எதுக்கு இப்படி இறுக்கிப் புடிச்சிருக்க?

— அவனுக்கு மாத்துத் துணி.

— குடு இப்படி. சட்டை நீ தெச்சதா? கீழ் மடிப்பு ஏன் இவ்வளவு தடிமனா இருக்கு?

— பிரிக்காதடி!

— மாத்திரை... அம்மா, நீயா?

— ரெண்டே ரெண்டுதான். கை நடுங்குதும்மான்னு போன்ல அழுதான்.

— எத்தன நாளா நடக்குது இது?

— கத்தாத, எல்லாரும் பாக்கறாங்க. அந்தக் கடை விவகாரத்துக்கு அப்பறம் அவன் எங்கயாவது கை வெச்சிருக்கானா, சொல்லு? யாராவது வாசல்ல வந்து நின்னாங்களா?

— இல்ல. திருந்திட்டான்னுதான் நெனச்சோம்.

— நாந்தான் வாங்கிக் குடுத்துக்கிட்டே இருந்தேனே, அவன் எதுக்குடி திருடணும்?