காற்றுத் தொட்டியின் கடைசி நாளில் நம் நுரையம்மாவுக்கு

கழிவுநீரைக் கண்டு முகம் சுளிக்காத கண்ணியமே! கசட்டுக்கும் பசி எடுக்கும் என்று கற்பித்த கனிவே! மூக்கைப் பொத்திக்கொண்டு வந்த பிள்ளைகளை மூக்காலேயே படிக்க வைத்த முனைப்பே! எங்கள் அன்புக்கும் அவ்வப்போது எங்கள் அச்சத்துக்கும் உரிய அம்மையீர், வணக்கம்!

பாராட்டு மடல் பூரிப்போடு தொடங்க வேண்டும் என்பார்கள். எங்களுக்குப் பூரிப்பு வரவில்லை. இன்று பணி ஓய்வு பெற்று இந்தப் பயிற்சிக் கூடத்தை விட்டு நீங்கள் மட்டும் போகவில்லை. விடுதியின் கழிவுநீரைக் கொண்டு கட்டடத்தின் பின்புறம் நீங்கள் வளர்த்த காற்றுத் தொட்டியும் இன்றோடு நிற்கிறது. இவ்விழா முடிந்ததும் அதற்குக் காற்று ஊதும் இயந்திரத்தின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் உத்தரவு. காற்று நின்றால், அழுக்கைத் தின்று நீரைத் தெளிய வைக்கும் நுண்ணுயிர்கள் ஓரிரு நாளில் மடியும். தொட்டி கறுத்து நாறும். இதை எங்களுக்குச் சொல்லித் தந்ததும் நீங்கள்தான்.

முப்பத்தோர் ஆண்டுகள்! ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் கண்ணாடி ஜாடி நிறையப் பழுப்பு நீரை மேசைமேல் வைப்பீர்கள். அரைமணி நேரம் யாரும் வாய் திறக்கக் கூடாது. கசடு மெல்ல அடியில் படிய, மேலே தெளிநீர் நிற்கும். "மூக்கைப் பொத்தாதீங்க, மோந்து பாருங்க. ஈர மண் வாசம் அடிச்சா தொட்டி நல்லா இருக்குன்னு அர்த்தம். அழுகின முட்டை மாதிரி நாறுச்சுன்னா நாம ஏதோ தப்புப் பண்ணியிருக்கோம்" என்பீர்கள். நுரையின் நிறத்தைப் பார்த்தே தொட்டியின் உடல்நிலையைச் சொல்வதால் மாணவர்கள் உங்களுக்கு நுரையம்மா என்று பெயர் வைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான்; ஆனால் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பீர்கள்.

விடுமுறையில் விடுதி காலியாகிவிடும். தொட்டிக்கு வர வேண்டிய அழுக்கும் வராது, உள்ளே இருப்பவை பட்டினி கிடக்கும். அப்போது உங்கள் வீட்டுச் சர்க்கரை டப்பாவோடு வருவீர்கள். உங்கள் கணவர் ஒருமுறை எங்களிடமே முறையிட்டார்: "வீட்டுல டீக்குச் சர்க்கரை இல்லீங்க. தொட்டிக்கு மட்டும் வேளாவேளைக்குப் போகுது." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

புயலில் மின்சாரம் போன அந்த நாட்களை எப்படி மறப்போம்! நீங்களும் நம் மின்பணியாளரும் விடுதிச் சமையற்காரரும் முறை வைத்துக் கழிகளால் தொட்டியைக் கலக்கிக்கொண்டே இருந்தீர்கள். "காய்ச்சல்காரப் புள்ளைய மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு மேடம்" என்று அலுத்துக்கொண்டார் மின்பணியாளர். ஆனால் கழியை மட்டும் கீழே வைக்கவில்லை. தொட்டி பிழைத்தது.

இம்முறை பிழைக்காது. எல்லோரும் சேர்ந்து இயக்குநரிடம் போனோம். "திரையில படம் போட்டுக் காட்டிடலாமே? நாத்தமும் இல்ல, கரண்ட் செலவும் இல்ல" என்றார் அவர். நீங்கள் மட்டும் கேட்டீர்கள்: "படத்தை எப்படி சார் மோந்து பாப்பாங்க?" அவர் கைப்பேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

வேண்டுமானால் பிறகு மறுபடி ஆரம்பித்துக்கொள்ளலாம் என்கிறார் இயக்குநர்! எதை வைத்து ஆரம்பிப்பது? முதன்முதலில் இத்தொட்டிக்கு வேண்டிய, நுண்ணுயிர்கள் நிறைந்த உயிர்க்கசட்டை நகரத்துச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வாளி வாளியாகக் கொண்டுவந்தீர்கள். அந்த நிலையம் இப்போது ஓடாமல் துருப்பிடித்துக் கிடக்கிறது. வெளியூர்ச் சுத்திகரிப்பு நிலையமொன்றில் வேலைக்குப் போன உங்கள் மாணவி போன மாதம் தொலைபேசியில் அழுதாள்: "அம்மா, இங்க ஆய்வுக்கு ஆள் வர்ற அன்னைக்கு மட்டும்தான் மெஷினை ஓட்டுறாங்க. மத்த நாள்ல அப்படியே ஆத்துல விடுறாங்க. நான் எதுக்கும்மா இதைப் படிச்சேன்?" அவள் கேட்டதை மட்டும் அன்று ஓய்வறையில் எங்களிடம் சொன்னீர்கள். என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்க எங்களுக்குத் துணிவு வரவில்லை.

'உங்கள் பணி எங்களால் தொடரும்' என்று இவ்விடத்தில் எழுதுவது வழக்கம். நாங்களும் எழுதினோம், பிறகு அடித்துவிட்டோம். சோதனை செய்யாமலேயே அளவைக் குறித்துக்கொண்டு வந்த மாணவனிடம் "கண்ணால பாத்தியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பீர்களே, அந்தக் கேள்வியை எங்களிடமும் கேட்டுவிடுவீர்கள். ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்கிறோம்: நீங்கள் நோயின்றி, நொடியின்றி, நிம்மதியாக நெடுங்காலம் வாழ வேண்டும். காலையில் எழுந்ததும் கால்கள் இந்தப் பக்கம் திரும்பினால், தயவுசெய்து வராதீர்கள். அதை நீங்கள் பார்க்க வேண்டாம்.

மடல் நீளுகிறதே என்று முன்வரிசையில் சிலர் நெளியலாம். வேண்டுமென்றேதான் நீட்டினோம். வாசிப்பு முடியாதவரை விழா முடியாது. விழா முடியாதவரை இயந்திரம் ஓடும். சன்னல் வழியே அதன் இரைச்சல் உங்களுக்கும் கேட்கும். இனி நீட்டச் சொல் இல்லை. தாயே, எங்களால் காப்பாற்ற முடியவில்லை.

கனத்த நெஞ்சுடன்,
சக ஆசிரியர்கள்
ஆய்வக உதவியாளர்
விடுதிக் காப்பாளர்
சமையற்காரர்

மின்பணியாளர் கையெழுத்திடவில்லை. "நிறுத்தப்போற கையால இதுல எப்படிங்க கையெழுத்துப் போடுறது?" என்று கேட்டார். அவருக்குரிய இடத்தைக் காலியாகவே விட்டு மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டிருக்கிறோம்.