உப்பில்லாத தட்டு

— பேப்பர்ல போட்டோவோட போட்டிருக்கான் பாப்பா. நீதான் நடுவுல நிக்கிற. எந்த ஊசிக்கும் சாகாத கிருமிய உன் மருந்து கொன்னுருதாம். உள்ள ஐசியூவுல அப்பா உடம்புல இருக்கறதும் அதே கிருமிதானே?

— அதேதான். மெதுவாப் பேசுண்ணா, நர்ஸ் பார்க்கறாங்க.

— பார்க்கட்டும். கால்ல ஆபரேஷன் பண்ண இடத்துல புடிச்சது, ரத்தத்துல ஏறிடுச்சு. இருக்கறதெல்லாம் போட்டுப் பார்த்துட்டோம்னு டாக்டர் கைய விரிச்சிட்டாரு. நீ மருந்தக் கண்டுபிடிச்சு வச்சிக்கிட்டு இங்க பெஞ்சுல உக்காந்திருக்க.

— மருந்துன்னு எவன் சொன்னான்? எங்க ப்ரொஃபசர் சொன்னாரு. மைக்கப் பார்த்தா அந்தாளுக்கு வாய் நிக்காது. நான் செஞ்சது புரதத்துல ஒரு சின்னத் துண்டு. பெப்டைடுன்னு பேரு. லேப் தட்டுல கிருமியக் கொல்லும். அப்பா ரத்தத்துல கொல்லாது.

— தட்டுல செத்தது உடம்புல சாகாதா? லாரி ஓட்டறவனுக்குப் புரியற மாதிரி சொல்லு.

— கிருமி மேல சவ்வு ஒண்ணு இருக்கு. டயருக்குள்ள இருக்கற ட்யூப் மாதிரி, ரொம்ப மெல்லிசு. அதோட வெளிப்பக்கம், பேட்டரி முனை மாதிரி, மைனஸ். என் பெப்டைடு ப்ளஸ். இழுத்து ஒட்டிக்கும், சவ்வுக்குள்ள சொருகும், கூட்டமா சேர்ந்து ஓட்ட போடும். உள்ள இருக்கறதெல்லாம் ஒழுகி கிருமி செத்துரும்.

— அவ்ளோதானே. போடச் சொல்லு ஓட்டைய.

— உப்பு இருந்தா போடாது. உப்பும் ப்ளஸ் மைனஸ்தான். நடுவுல பூந்து அந்த இழுப்பக் கெடுத்துரும். ரத்தம் பூரா உப்பு. எங்க லேப்ல உப்பு சேர்க்காத தண்ணியிலதான் சோதனை வைப்பாங்க. அதுலதான் கிருமி அழகா சாகும், படம் பளிச்சுன்னு வரும். நான் ரத்தத்துல இருக்கற அளவு உப்பு போட்டு வச்சேன். கிருமி ஜம்முன்னு வளர்ந்து நிக்குது. ப்ரொஃபசர்கிட்ட கொண்டுபோயி காட்டினா, இதெல்லாம் உன்ன யாரும்மா செய்யச் சொன்னதுன்னு கேக்கறாரு.

— அப்ப உப்பு மிஞ்சாத அளவுக்கு நிறைய ஏத்து.

— ஏத்தினா நம்ம சிவப்பணுவுலயும் அதே ஓட்ட விழும். நம்ம செல்லோட வெளிப்பக்கம் அவ்வளவா மைனஸ் கிடையாது, அதனால கொஞ்சமா இருந்தா விட்டுரும். அளவு கூடிடுச்சுன்னா ஆள் பார்க்காது. குழாயில ரத்தத்த ஊத்திப் பார்த்தேண்ணா. அணுவெல்லாம் வெடிச்சு வெறும் செவப்புத் தண்ணிதான் மிச்சம்.

— நம்ம வீட்டுலேருந்து மொத மொதல்ல காலேஜ் வாசல மிதிச்சவ நீ. என் பொண்ணு கிருமிக்கே எமன்னு, டீக்கடையில அறிமுகமில்லாதவன்கிட்டகூட சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு அந்த மனுஷன். நீ என்னடான்னா உப்பு, புளின்னு சமையல் பேசற.

— பேசுவேன். பொய் சொல்றதுக்குன்னா நான் எதுக்குப் படிக்கணும், படிக்காமலே சொல்லியிருக்கலாமே.

— எப்படியும் போகப்போற உசுரு. போட்டுத்தான் பார்ப்போமே.

— போயிருவாருன்னு டாக்டர் இன்னும் சொல்லல. நீ சொல்லாத. அத ஏத்தினா இருக்கற கிட்னியும் நின்னுரும். துடிச்சுக்கிட்டே போவாரு. நான் செஞ்சதாலன்னு தெரிஞ்சுகிட்டே நான் பக்கத்துல நிக்கணும். நீ நிப்பியா?

— உனக்குப் பயம். பேரு கெட்டுருமேன்னு பயம்.

— எந்தப் பேரு? இந்தப் பேப்பர்ல போட்டிருக்கானே, அதுவா? அந்த உப்புச் சோதனைய ஆராய்ச்சிக் கட்டுரையில சேர்க்கலன்னா என் பேர எடுத்துருங்கன்னு ப்ரொஃபசர்கிட்ட நேத்தே சொல்லிட்டேன். அப்ப பட்டத்தையும் மறந்துரும்மான்னாரு. சரின்னுட்டு வந்துட்டேன். இப்ப திருப்தியா உனக்கு?

— இத ஏன் முன்னாடியே சொல்லல?

— நீ எங்க பேச விட்ட.

— சரி, அழாத.

— நான் ஒண்ணும் அழல.

— சரி, அழல. போயி மூஞ்சி கழுவிட்டு வா, டாக்டர் கூப்பிடுவாரு. பைய இப்படிக் குடு.

— வேணாம். விடுண்ணா, அதத் தொடாத.

— என்னத்த இப்படிக் கட்டிப் புடிச்சிட்டிருக்க? அடியில ஜில்லுன்னு இருக்கு. ஐஸா? பாப்பா, இது என்ன குப்பி?

— கொண்டுபோயி கொட்டிருண்ணா. காலையிலேருந்து அந்த வாஷ்பேசினுக்குப் போறதும் வர்றதுமா இருக்கேன். எனக்குக் கை வரல.