முள் குத்தியதற்கு ஒரு கையெழுத்து

— நல்லா இருக்கே கதை! பிரஷர் தரையில படுத்துக் கிடக்குன்னு இப்பதான் சொன்னீங்க, டாக்டர். இதுல ரத்தக் குழாயை விரிக்க மருந்து போட்டா இன்னும் இறங்காதா?

— இறங்கலாம்மா. அதனால பிரஷரை ஏத்துற மருந்தும் கூடவே ஓடும். அதாவது...

— ஒரு கையால தூக்குவீங்க, இன்னொரு கையால தள்ளுவீங்க.

— அதாவது, கிருமி ரத்தத்துல பரவினதால உங்க வீட்டுக்காரருக்குப் பெரிய குழாயெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. நுனியில இருக்கிற பொடிக் குழாயெல்லாம் அடைச்சுக்கிச்சு. கிட்னிக்கு ரத்தம் போய்ச் சேரல. குழாய்ச் சுவரும் கசியுது.

— மெயின் ரோடு காலி, சந்துல டிராஃபிக்.

— அதேதான்! நாங்க போடப்போற மருந்து ஒரு ஹார்மோன், நம்ம உடம்பே சுரக்கிறதுதான். அந்தச் சந்துகளைத் திறந்துவிடும், கசிவையும் அடைக்கும்னு எதிர்பார்க்கிறோம்.

— இதுவரைக்கும் யாருக்குக் கசிவை அடைச்சிருக்கு?

— எலிக்கு.

— வீட்டுக்குள்ள அவரும் எலிதான், அதை விடுங்க. மனுஷங்களுக்கு?

— கொஞ்சம் பேருக்குக் குடுத்துப் பார்த்திருக்காங்க. உயிரைக் காப்பாத்துமான்னு இன்னும் உறுதியாத் தெரியாது. அதுக்குத்தான் இந்த ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது.

— நல்லா இருக்கே கதை! எங்க தெருவுல எனக்குத் தெரியாம ஒரு பார்சல்கூட வராது.

— ஆன்டிபயாடிக், மத்த சிகிச்சை எதுவும் நிக்காதும்மா. நீங்க வேண்டாம்னாலும் நிக்காது. ஆனா அவரை இந்த ஆராய்ச்சியில சேர்க்கலாமான்னு ஒரு மணி நேரத்துல முடிவு சொல்லணும். எப்ப ஆரம்பிச்சது இது?

— வெள்ளிக்கிழமை ரோஜாச் செடியை வெட்டும்போது முள் குத்துச்சு. சனிக்கிழமை கை பன்னு மாதிரி வீங்குச்சு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வராந்தாவுல உக்காந்து நடுங்கிக்கிட்டு இருந்தாரு.

— எல்லாத்தையும் பார்த்திருக்கீங்க. அப்பவே கூட்டிட்டு வந்திருக்கலாமே?

— அது இருக்கட்டும், டாக்டர். அவர் பங்குக்கு உப்புத் தண்ணி விழுந்தா?

— இப்ப இருக்கிற சிகிச்சையை வெச்சுப் போராடுவாரு.

— மருந்து விழுந்தா பொழைப்பாரா?

— பொய் சொல்ல மாட்டேம்மா. தெரியாது. சம்மதம்னா இந்தப் படிவத்துல கையெழுத்துப் போடுங்க, இந்தாங்க பேனா.

— அதை எங்கிட்ட நீட்டாதீங்க, டாக்டர். அந்த மூலையில செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காளே, அவதான் சம்சாரம். அவளுக்கு வாயே எழும்பல, அதான் நான் கேட்டேன். நான் பக்கத்து வீடு. "முள் குத்துனதுக்கெல்லாம் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா"ன்னு மூணு நாளா மதில்மேல சாஞ்சுக்கிட்டு அந்த மனுஷனைக் கிண்டல் பண்ணினவ.