எந்தக் கையில் ஊசி

"...நாக்காலில பெருக்கல் குறி போட்டு வெச்சிருக்காங்க, பாரு! ஒண்ணு விட்டு ஒண்ணு உக்காரணுமாம். தளி பஸ்ல ஒருத்தி பூக்கூடையோட என் மடியிலயே உக்காந்து வந்தா. அங்க வராத கொரோனா இந்த நாக்காலிக்கு வந்துருமாக்கும்?"

ஓசூர் ஆஸ்பத்திரியில் மார்பகப் படம் எடுக்கும் அறைக்கு வெளியே, இரண்டு நாற்காலி தள்ளித் தன் முறைக்குக் காத்திருந்த காவியாவிடம் மாரம்மா பொரிந்துகொண்டிருந்தாள். அவளுடைய முகக்கவசம் தாடைக்கு இறங்கியிருந்தது. காவியா தன்னுடையதை இன்னும் மேலே இழுத்துவிட்டாள்.

"ஏன் பாப்பா இப்படி மூடிக்கிற? மூச்சு முட்டாது? உள்ள படம் எடுக்கறாளே சுமலதா, தலையிலருந்து கால்வரைக்கும் ரெயின்கோட்டு! ஒருத்தர் வெளிய வந்தா அரைமணி நேரம் மிஷினைத் தொடைக்கறா. நானுந்தான் கம்பெனில பிரஸ் மிஷின் ஓட்டறேன்... துணியால ஒரே இழுப்பு, முடிஞ்சுது! தொணைக்கு ஆளும் வரக்கூடாதாம். மருமக கேட்டுக்கு வெளிய வெயில்ல நிக்கறா. நிக்கட்டும், அதுல ஒண்ணும் வருத்தமில்ல.

நேத்தைக்கு முன்னாடியே போன்ல வேற இந்த சுமலதா உத்தரவு! பவுடர் போடாத, சளி இருந்தா வராத, தடுப்பூசி போட்டா கட்டி இல்லாத பக்கத்துக் கைல போடு... எனக்குச் சொல்றா! என் மாருல கட்டி இடது பக்கம். வலது கை மிஷின் லிவரு இழுக்கற கை. அதுல குத்திக்கிட்டு எவ வேலைக்குப் போவா? வலிக்கற பக்கமே வலிச்சுட்டுப் போவட்டும்னு, முந்தாநேத்து கம்பெனி கேம்ப்புல இடது கையத்தான் நீட்னேன்."

காவியா திரும்பிப் பார்த்தாள்.

"என்ன அப்படிப் பாக்கற? நேத்து காத்தால அக்குள்ல ரெண்டு உருண்டை... நெல்லிக்கா மாதிரி. போன வாரம் இல்ல. இருந்திருந்தா கைக்குத் தட்டியிருக்குமே! இன்னிக்கி வந்ததும் சுமலதா கதவண்ட நின்னு, ஊசி எந்தக் கைலன்னு, 'யாவ கைம்மா?'ன்னு கன்னடத்துல கேட்டா. இடதுன்னேன். உருண்டையக் காட்டினேன். ஊசிக்கு வீங்கினதா, மாருல இருக்கறது ஏறிடுச்சான்னு இப்ப சொல்ல முடியாதாம். இன்னிக்கி மாருக்குப் படமாம், அக்குளுக்கு இன்னொரு மாசம் கழிச்சு வரணுமாம். ஒரு மாசம்! அது வரைக்கும் எப்படித் தூங்கறது? இது ஊசி, இது மத்ததுன்னு பிரிச்சுச் சொல்லத் தெரியல... அதுக்கு ஒரு மிஷினு, அதுக்கு ஒரு ரெயின்கோட்டு!"

கதவு திறந்தது. தன் பெயரைக் கூப்பிட்டதும் காவியா விருட்டென்று எழுந்து உள்ளே போனாள்.

"பாப்பா... ஊசியாலதான இருக்கும்? சொல்லிட்டுப் போயேன்..."

கதவு சாத்திக்கொண்டது. மாரம்மா முகக்கவசத்தை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டாள். லிவர் இழுக்கும் வலது கை மட்டும் இடது அக்குளை விட்டு இறங்கவில்லை.