இரண்டாவது இலக்கம்

கள்ளருக்காக வீடுகளில் பூட்டிய பழைய அலாரங்களை நான் ஒருபோதும் குறை சொல்வதில்லை. லண்டன் வால்தம்ஸ்டோவில் எமில்டா அக்காவின் வீட்டில் இருந்தது இருபது வருடப் பழசு. வெளிச்சுவரில் வெயிலில் வெளுத்த மணிப்பெட்டி. அது அலறினால் தெரு முழுக்கக் கேட்கும். யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். அதனால்தான் என்னிடம் புதியதைப் பூட்டித் தரச் சொன்னார். கணவர் இறந்து அப்போது நான்கு மாதம். பிள்ளைகள் இல்லை.

2009 மே மாதம் அங்கே இரண்டு நாள் வேலை செய்தேன். கதவு திறந்தால் கைத்தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும். எங்கே நின்றும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பி அலாரத்தை ஒலிக்கவைக்கலாம், நிறுத்தலாம். ஹோலில் ஒரு சின்னக் கமரா. அதன் படத்தை இன்டர்நெற்றில் பார்க்கலாம்.

முதல் நாள் மத்தியானம் அவர் குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "சாப்பிட்டனீங்களோ, தம்பி?" என்று கேட்டார். மனோர் பார்க்கில் ஓர் அறையில் பதினொரு வருடமாகத் தனியே இருக்கிறேன். அப்படி என்னை யாரும் கேட்டதில்லை.

அந்த சிஸ்டத்தில் இரண்டு தொலைபேசி இலக்கங்கள் போடலாம். முதலாவது அவருடையது. இரண்டாவதாக என்னுடையதைப் போட்டேன். அவரிடம் சொல்லவில்லை. கேட்டிருந்தால் ஓம் என்றுதான் சொல்லியிருப்பார்.

ஞாயிறுகளில் காலை ஒன்பதரைக்கு முன்கதவு திறக்கும்: பூசைக்குப் போகிறார். பன்னிரண்டுக்குள் மறுபடி: வந்துவிட்டார். அதன் பிறகுதான் நான் சாப்பிடுவேன்.

சிஸ்டம் ஒரு பிழையும் விடவில்லை. அதுதான் பிரச்சினை. என்னைக் கூப்பிட அவருக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. மூன்று கிழமை பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஒரு பின்னேரம் குறுஞ்செய்தி அனுப்பி அலாரத்தை ஒலிக்கவைத்தேன். ஐந்து நிமிடத்தில் அவருடைய அழைப்பு வந்தது. போய்ப் பார்த்து, பின்கதவை யாரோ நெம்பிப் பார்த்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அன்று பிட்டு தந்தார்.

அதன் பிறகு பத்து நாளுக்கு ஒருமுறை. அளவு மீறியதில்லை. அவர் மெலிந்துபோனார், கதவுக்குக் கதிரையை முட்டுக்கொடுத்துவிட்டு இருந்தார். "நீங்கள் இருக்கிறபடியால்தான் நான் இருக்கிறன்" என்றார்.

செப்டெம்பரில் ஒருநாள், "இந்த வீட்டில இனி என்னால இருக்க ஏலாது, தம்பி. பாரிசுக்குத் தங்கச்சி இசபெல்லிட்டப் போறன்" என்றார். யோசிக்காமல் சொல்கிறார் என்று நினைத்தேன். இன்னும் ஒரேயொரு முறை அலாரம் அடித்தால், நான் இல்லாமல் முடியாது என்று விளங்கிவிடும்.

வியாழக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு அனுப்பினேன். மாடியிலிருந்து ஓடி வந்தவர் படியில் தவறி ஹோலில் விழுந்தார். என்னுடைய அறையில் இருந்தபடியே பார்த்தேன். முதலில் அலாரத்தை நிறுத்தினேன். அந்தச் சத்தம் அவருக்கு ஆகாது.

புறப்பட என் வான் வண்டியின் திறப்பைக் கையில் எடுத்துவிட்டேன். ஆனால் கூப்பிடாமல் போனால், எப்படித் தெரியும் என்று கேட்பார். பிறகு கதவே திறக்கமாட்டார். ஆகவே காத்திருந்தேன். அவருடைய போன் மேல்மாடியில் கிடந்தது. கமராப் பக்கம் பலமுறை முகத்தைத் திருப்பினார். அந்தக் கமராவுக்குச் சத்தம் இல்லை. உதடுகள் அசைந்தன, செபம் சொல்கிறார் என்று நினைத்தேன். மூன்று மணி வரை கை அசைந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பூசையில் அவரைக் காணாதவர்கள் வந்து கதவை உடைத்தார்கள். அந்தக் குறுஞ்செய்தியும் எனக்கு வந்தது.

எல்லாம் நான் செய்ததுதான், வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அன்று முழுக்கப் போனைக் கையில்தான் வைத்திருந்தேன். அவர் ஒருமுறை கூப்பிட்டிருந்தால் உடனே போயிருப்பேன்.