மூன்றே முக்கால் மணி ஒப்புதல்

அப்பா: ...அதெல்லாம் அப்புறம். பையைக் கழட்டி வச்சுட்டு இப்படி வந்து உட்காரு.

மகள்: என்னப்பா, இந்நேரத்துல முழிச்சுட்டிருக்கீங்க? சாயங்காலம் நாலு மணிகூட ஆகல.

அப்பா: ஏன், என் வீட்ல நான் முழிச்சிருக்கக் கூடாதா?

மகள்: இல்ல... ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வந்தா அஞ்சு வரைக்கும் தூங்குவீங்களே. அதான்.

அப்பா: இன்னிக்குத் தூக்கம் வரல. கணக்குப் பார்த்துட்டிருந்தேன். உன் கணக்கை.

மகள்: என்னோடதா?

அப்பா: பதிமூணு வயசுப் பொண்ணுக்கு ஆன்லைன்ல சாமான் வாங்கத் தனிக் கணக்கு எதுக்குன்னு உங்கம்மா அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டா. நான்தான், காசைக் கையாளக் கத்துக்கட்டும்னு திறந்து குடுத்தேன்.

மகள்: நான் ஒண்ணும் கன்னாபின்னான்னு வாங்கலயே.

அப்பா: கன்னாபின்னான்னு வாங்கியிருந்தாகூட எனக்குப் புரிஞ்சிருக்கும். ஒரு வளையல், ஒரு சட்டைன்னு. இது என்ன? பித்தளை மணி. சின்னது.

மகள்: அது... பூனைக்கு.

அப்பா: நம்ம வீட்ல பூனை ஏது?

மகள்: வரும்னு நெனச்சேன்.

அப்பா: வந்துச்சா?

மகள்: இல்ல.

அப்பா: சரி, அடுத்தது. மேஜை முனையில ஒட்டற ரப்பர், நாலு. இந்த வீட்ல தவழற குழந்தை யாரு, நீயா?

மகள்: உங்களுக்காகத்தான். எப்பப் பாரு முழங்காலை அதுலயே இடிச்சுக்கறீங்க.

அப்பா: நான் எங்க இடிச்சுக்கிட்டேன்? எனக்கு ஞாபகமே இல்லையே.

மகள்: காயம் இருந்துச்சுல்ல?

அப்பா: ...இருந்துச்சு. பம்ப் ஹவுஸ்ல எங்கேயோ பட்டதுன்னு நெனச்சேன். அதை விடு. இந்தப் பூட்டு? பெரிய பூட்டா, துருப்பிடிக்காததா பார்த்து வாங்கியிருக்க.

மகள்: கொல்லையில தண்ணித் தொட்டி மூடிக்கு.

அப்பா: நாம குடியேறி ஒம்பது வருஷம் ஆச்சு. அந்தத் தொட்டித் தண்ணியை யாரும் தூக்கிட்டுப் போகல.

மகள்: திருட்டுக்கு இல்லப்பா...

அப்பா: சரி, அது எதுக்குன்னு அப்புறம் சொல்லு. நேத்து ஒரு ஸ்கூல் பை. அது இங்க வரல, வேற யார் வீட்டு விலாசத்துக்கோ போகுது. யாரு அது? யாராவது உன்னை மிரட்டி வாங்கறாங்களா?

மகள்: ஐயோ, இல்லப்பா.

அப்பா: இன்னொண்ணு கேக்கறேன். நீ எதை வாங்கினாலும் என் ஃபோன்ல நான் கட்டைவிரலை வச்சு ஒப்புதல் குடுத்தாதான் பணம் போகும். அப்படித்தானே?

மகள்: ஆமா. பதினெட்டு ஆகறவரைக்கும் பெரியவங்க ஒப்புதல் கட்டாயம்.

அப்பா: இந்த நாலுக்கும் ஒப்புதல் போயிருக்கு. மத்தியானம் மூணே முக்கால், மூணு நாற்பது, திரும்பவும் மூணே முக்கால்... அந்நேரம் நான் செத்த பொணம் மாதிரி தூங்கிட்டிருப்பேன். உங்கம்மா கடையில இருப்பா. வீட்ல வேற யாரு?

மகள்: நான்.

அப்பா: தூங்கறவன் கையைத் தூக்கி விரலை வச்சியா?

மகள்: சத்தியமா இல்லப்பா. நான் உங்களைத் தொடவே இல்ல.

அப்பா: அப்ப யார் வச்சா?

மகள்: நீங்கதான்.

அப்பா: விளையாடாத.

மகள்: நீங்களே ஃபோனை வாங்கி நீங்களே வச்சீங்க. நின்னுக்கிட்டு.

அப்பா: நின்னுக்கிட்டா...

மகள்: உங்க கண்ணு திறந்துதான் இருக்கும். ஆனா பார்க்காது.

அப்பா: என்ன சொல்ற நீ?

மகள்: நீங்க தூக்கத்துல நடக்கறீங்கப்பா. மழை விட்டதுல இருந்து. மொதல்ல வாரம் ஒரு நாள். இப்ப தினமும். மொத தடவை நான் ஸ்கூல்ல இருந்து வரேன், கொல்லைக் கதவு திறந்து கிடக்கு. நீங்க வெறும் காலோட தொட்டிகிட்ட மண்டி போட்டு உட்கார்ந்திருந்தீங்க. மூடியைத் தூக்கித் தள்ளி வச்சிருந்தீங்க. தொட்டி கழுவறீங்கன்னு நெனச்சேன். கிட்டப் போனா... ஒரு கை தோள் வரைக்கும் தண்ணிக்குள்ள.

அப்பா: என்ன பண்ணிட்டிருந்தேன்?

மகள்: பேசிட்டிருந்தீங்க.

அப்பா: யார்கிட்ட?

மகள்: தண்ணிகிட்ட.

அப்பா: என்னன்னு?

மகள்: "ஏணி உன் இடது பக்கம்தான்டா இருக்கு, கையைக் குடு, கையைக் குடு"ன்னு. மெதுவா. யாரையோ எழுப்பற மாதிரி.

அப்பா: தண்ணி குடிக்கறியா நீ? வேர்த்திருக்கு உனக்கு.

மகள்: உங்களுக்குத்தான் வேர்த்திருக்கு.

அப்பா: ...சொல்லு.

மகள்: அதான் பூட்டு வாங்கினேன். மணி உங்க ரூம் கதவுக்குப் பின்னாடி இருக்கு. கதவு அசைஞ்சா எனக்குக் கேக்கும். நீங்க எழுந்து வர்றதுக்குள்ள கொல்லைக் கதவைத் தாழ் போட்டுடுவேன்.

அப்பா: இத்தனை நாளா தனியாவா இதெல்லாம் பண்ணின? அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

மகள்: நீங்கதானே சொல்லக் கூடாதுன்னீங்க.

அப்பா: நானா? எப்போ?

மகள்: தூக்கத்துல. "ஒருத்தர்கிட்டயும் சொல்லாத, வேலை போயிடும்"னு.

அப்பா: என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். முழிச்சிருக்கறப்ப.

மகள்: ரெண்டு தடவை வந்தேன். நீங்க சாப்பிட்டுட்டிருந்தீங்க, சிரிச்சீங்க... சொல்ல வாய் வரல.

அப்பா: தூங்கறவன்கிட்டப் போய் ஒப்புதல் கேக்க மட்டும் வாய் வந்துச்சா?

மகள்: ஒப்புதல் குடுக்கறவங்க முழிச்சிருக்கணும்னு எங்கேயும் எழுதலயே. படிச்சுப் பார்த்தேன்.

அப்பா: உங்கம்மா சொன்னது சரிதான். உன் கையில கணக்கைக் குடுத்திருக்கவே கூடாது.

மகள்: குடுக்கலன்னா பூட்டை எப்படி வாங்கறது? உங்ககிட்டக் காசு கேட்டா எதுக்குன்னு கேப்பீங்க. அம்மாகிட்டக் கேட்டா அம்மாவும் கேப்பாங்க.

அப்பா: ...அது சரி. கேட்ட உடனே விரலை வச்சுட்டேனா?

மகள்: இல்ல. நான் கேட்டா வைக்க மாட்டீங்க. நான் அங்க நிக்கறதே உங்களுக்குத் தெரியாது.

அப்பா: பின்னே யார் கேட்டா வச்சேன்?

மகள்: உங்ககூட ஷிஃப்ட் பார்த்தாரே, மீசை மாமா... அவர் கேட்டா.

அப்பா: மெதுவாப் பேசு.

மகள்: வீட்ல யாரும் இல்லப்பா.

அப்பா: மெதுவாவே பேசு. பம்ப் ஹவுஸ் கிணத்துல மீசை செத்து ஆறு மாசம் ஆச்சு.

மகள்: தெரியும். நீங்க என்னைப் பார்த்து அவர்னு நெனச்சுக்கறீங்க. "டேய் மீசை, வந்துட்டியா, எப்படா மேல வந்த?"ன்னு கேப்பீங்க. மொதல்ல நான் ஒண்ணும் சொல்லல. பேசாம இருந்தா நீங்க விடல. சுவத்துல முட்டிக்க ஆரம்பிச்சீங்க. அதனால...

அப்பா: அதனால?

மகள்: "வந்துட்டேன்ணே, நீங்க போய்ப் படுங்க"ன்னு சொன்னேன். அவர் மாதிரி இழுத்து இழுத்து. உடனே போய்ப் படுத்துட்டீங்க.

அப்பா: அவன் மாதிரியே பேசினியா? உனக்குப் பயமா இல்லையா?

மகள்: மொத நாள் இருந்துச்சு. அப்புறம் வாய் தானா வந்துடுச்சு. அதுதான் இப்ப பயமா இருக்கு.

அப்பா: அந்தப் பை... நேத்து வாங்கினது?

மகள்: நீங்க சொன்னதுதான். "உன் பொண்ணு பை கிழிஞ்சிருக்குன்னியே, வாங்கிட்டியா?"ன்னு அவரைக் கேப்பீங்க. மீசை மாமா பொண்ணு எங்க ஸ்கூல்தான், மூணாம் கிளாஸ். போய்ப் பார்த்தேன். நிஜமாவே கிழிஞ்சிருக்குப்பா. ஊக்கு குத்தி வச்சிருக்கா. அவகிட்டயே விலாசம் வாங்கினேன்.

அப்பா: அவன் அன்னிக்கு இறங்கறதுக்கு முன்னாடிதான் சொன்னான், சம்பளம் வந்ததும் பை வாங்கணும்னு.

மகள்: இறங்கறதுக்கு முன்னாடியா? அவர் உங்ககிட்டச் சொல்லாமதான் கிணத்துக்குள்ள இறங்கினார்னு சொன்னீங்களே. விசாரணையிலகூட அப்படித்தானே... அதனாலதானே அவங்க வீட்டுக்கு நஷ்டஈட்டுப் பணம் குடுக்கல?

அப்பா: பையைத் திருப்பி அனுப்ப வேண்டாம். போய்ச் சேரட்டும்.

மகள்: நேத்து நீங்க விரல் வச்சப்ப அழுதீங்க. தூக்கத்துல நீங்க அழுததே இல்ல.

அப்பா: நேத்து நான் தூங்கல.

மகள்: என்னது?

அப்பா: எழுந்து வந்தது தெரியாது. மணிச் சத்தத்துல முழிப்பு வந்துடுச்சு. பார்த்தா நடு ஹால்ல நிக்கறேன். நீ எதிர்ல நின்னு "அண்ணே"ன்னு கூப்பிட்ட. அவன் குரல்ல. அசையவே முடியல என்னால.

மகள்: எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேவா இவ்வளவு நேரம் பூனை, தவழற குழந்தைன்னு கேட்டுட்டிருந்தீங்க?

அப்பா: நீயே சொல்லணும்னு பார்த்தேன். எனக்கு ஆரம்பிக்கத் தெரியலம்மா.

மகள்: ஒண்ணும் இல்லப்பா, டாக்டர்கிட்டப் போலாம்.

அப்பா: போலாம். நேத்து நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்லல. சொல்லாமலே போய்ப் படுத்துட்டேன்.

மகள்: நான் ஒண்ணும் கேக்கலயே.

அப்பா: கேட்டியே. விரலை வச்சதுக்கு அப்புறம். "உள்ள இருந்து கூப்பிட்டேனே அண்ணே, காதுல விழலையா?"ன்னு.

மகள்: இல்லப்பா. "பை அஞ்சு நாள்ல வந்துடும்ணே"ன்னு மட்டும்தான் சொன்னேன். வேற ஒரு வார்த்தை பேசல. எதுக்குப்பா அப்படிக் கதவையே பார்க்கறீங்க? அப்பா... இங்க பாருங்க. என்னைப் பாருங்க.

அப்பா: காதுல விழுந்துச்சும்மா. நல்லாவே விழுந்துச்சு. ரெண்டு தடவை கூப்பிட்டான். வழக்கம்போல விளையாடறான்னு நெனச்சு, கிணத்துக்குள்ள தண்ணியைத் திறந்து விட்டுட்டேன்.