உருளையில் ஒட்டிக்கொண்ட முதல் லேபிள்

புதுச் சாமான் வந்த பெட்டியை நான் கத்தரிக்கோலால் வெட்டுவதில்லை. உள்ளே இருப்பது கீறிவிடும் என்பதால் நாடாவின் நுனியை நகத்தால் நெம்பிப் பொறுமையாக உரிப்பேன். லேபிள் பிரிண்டர் வந்த அன்றும் அப்படித்தான் பிரித்தேன். அவசரக்காரி என்று என்னைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், ஐயா, இதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

தபால் நிலையக் குழப்பத்தை விசாரிக்க வந்த நீங்கள், நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினோரு வருடமாகக் கவுன்ட்டரில் இருக்கிறேன். உள்ளறையில் லென்ஸ் வெட்டி ஃப்ரேமில் பொருத்துகிறவரை எல்லோரும் திருகாணி அண்ணன் என்போம். கைராசிக்காரர், ஆனால் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். பொட்டலங்களில் அவர்தான் பெயர் எழுதுவார். அதை வாசிக்கப் புதுக் கண்ணாடி வேண்டியிருக்கும். அந்தக் கண்ணாடியோ பொட்டலத்துக்குள் இருக்கும். இதைச் சொல்லிச் சொல்லி, இரண்டு வருடம் முதலாளியம்மாவின் காதைத் துளைத்து, ஒரு பிரிண்டர் வாங்க வைத்தேன்.

அது வந்த நேரம் நல்ல நேரம். தபால் நிலையத்தின் இருபத்து மூன்று தபால்காரர்களுக்கும் கண் சோதித்து, எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பழுப்பு ஃப்ரேமில் கண்ணாடி செய்யச் சொல்லியிருந்தார்கள். அண்ணன் செய்து முடித்து, பென்சிலால் எண் மட்டும் போட்டு, இருபத்து மூன்று பொட்டலங்களையும் வரிசையாக அடுக்கியிருந்தார். அந்த எண்ணின் மேலேயே பெயர் லேபிளை ஒட்டவேண்டியதுதான் என் வேலை.

குறிப்புத் தாளில் ஆறு படங்கள் இருந்தன. மூடியைத் திற. பாதுகாப்பு நாடாவை எடு. லேபிள் சுருளை வழவழப்பான பக்கம் மேலே வரும்படி மாட்டு. நுனியை வாய்க்கு வெளியே இழு. மூடு. ஆறாவது படத்தில் ஒரு விரல் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது. விளக்கு இரண்டு முறை சிமிட்டும்வரை பிடித்திருந்தால், மிஷின் நாலைந்து வெற்று லேபிள்களைத் துப்பி, லேபிளின் நீளத்தை அளந்துகொள்ளும்.

"நான் எழுதினா இருபத்து மூணுக்கு இருபது நிமிஷம்," என்றார் அண்ணன், உள்ளறை வாசலில் சாய்ந்து நின்று. "உன் மிஷினுக்கு எவ்வளவு நேரம்?"

"ரெண்டே நிமிஷம்ண்ணே."

"பார்த்துருவோம்," என்று கைபேசியில் நேரம் வைத்தார்.

ஆறாவது படத்தை விட்டுவிட்டேன்.

லேபிள்கள் வரத் தொடங்கின. வந்ததை வந்த வரிசையில் ஒட்டினேன். வாசித்துப் பார்க்கவில்லை, அச்சடித்த எழுத்தை வாசித்துச் சரிபார்க்க வேண்டியிருந்தால் பிரிண்டர் எதற்கு? ஒரு நிமிடம் ஐம்பது நொடியில் முடிந்தது. அண்ணன் நிஜமாகவே கைதட்டினார். "ஒத்துக்கறேம்மா, தோத்துட்டேன்," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அப்போதுதான் கடைசியாக ஒரு பொட்டலம் வெறுமையாக நிற்பதைப் பார்த்தேன்.

மூடியைத் திறந்தேன். முதல் தபால்காரரின் லேபிள் வெளியே வராமல் உள்ளே இருந்த ரப்பர் உருளையைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருந்தது. அதாவது இரண்டாமவர் பெயர் முதல் பொட்டலத்தில், மூன்றாமவர் பெயர் இரண்டாவதில், இப்படியே கடைசிவரை. லேபிளை உரித்து மாற்றலாம் என்று ஒன்றைச் சுரண்டிப் பார்த்தேன். நல்ல பசை. நகம்தான் உடைந்தது. எல்லாவற்றையும் புதிதாக அடித்து மேலே ஒட்ட இன்னொரு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். ஆனால் டீக்கடை எதிரிலேயே இருக்கிறது. அண்ணன் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

உருளையில் இருந்ததை மெதுவாக உரித்து, மிச்சமிருந்த பொட்டலத்தில் ஒட்டினேன். இருபத்து மூன்று பொட்டலம், இருபத்து மூன்று பெயர். பார்வைக்கு எல்லாம் கச்சிதமாக இருந்தது.

மறுநாளிலிருந்தே தபால்காரர்கள் கவுன்ட்டருக்கு வரத் தொடங்கினார்கள். ஒருவருக்குப் படிக்கட்டு அலையடித்தது. இன்னொருவர், தெருமுனைத் தபால் பெட்டியை மேலதிகாரி என்று நினைத்து வணக்கம் வைத்ததாகச் சொன்னார். எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்: "புதுக் கண்ணாடில்ல, பழக ஒரு வாரம் ஆகும்." இது பொய்யில்லை. எந்தக் கடையிலும் இதைத்தான் சொல்வார்கள்.

அந்த இருபத்து மூன்று பேரில் என் அக்கா வீட்டுக்காரரும் ஒருவர். அத்தான் சமதரையில், வாய்க்காலைத் தாண்டுகிறவர்போலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்து வந்தார்.

"ஏம்மா, தரை இவ்வளவு பக்கத்துலயா இருக்கும்?" என்று கேட்டார்.

"பழகிடும் அத்தான்," என்றேன்.

நாலாவது நாள் யாருடைய பூந்தொட்டி மேலேயோ விழுந்து கணுக்கால் சுளுக்கிக்கொண்டார். நான் அக்கா வீட்டுக்குப் போய் ஒத்தடம் கொடுத்துவிட்டு வந்தேன். சொந்தக்காரர் என்று பார்க்காமல் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தினேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அந்தக் கண்ணாடிகளோடு விலாசம் மாற்றிக் கொடுத்த கடிதங்கள் விஷயம் உங்களுக்குத் தெரியும். பல் மருத்துவர் தன் நோயாளி ஒருவருக்கு எழுதிய "இரண்டு பல் எடுக்க வேண்டும், செவ்வாய் வரவும்" என்ற அட்டை பாட்டு வாத்தியாருக்குப் போனது. அவர் கீழ்ப்படிந்து பழகியவர். போய் வாயைத் திறந்துவிட்டார். ஒரு பல் போன பிறகுதான் ஆள் யார் என்று கேட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

பதின்மூன்றாம் எண் வீட்டுப் பெண்ணுக்கு, கோபித்துக்கொண்டு போன கணவன் எழுதிய கடிதம் பதினெட்டாம் எண்ணுக்குப் போனது. "நான் செஞ்சது தப்புதான், வந்துடு" என்று இருந்ததாம். கீழே பெயர் இல்லை. பதினெட்டாம் எண்காரியும் கணவனோடு சண்டை போட்டுத்தான் தனியாக இருந்தாள். உறையைப் பார்க்காமலே கிழித்தவள், கையெழுத்து மாறியிருந்ததை, அழுதுகொண்டே எழுதியிருப்பார் என்று எடுத்துக்கொண்டாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு அன்றைக்கே தன் கணவனிடம் போய்விட்டாள். கதவைத் திறந்த மனுஷனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் வந்தவளை உள்ளே கூப்பிடாமல் இருக்க அவன் முட்டாள் இல்லை. இப்போது சந்தோஷமாக இருக்கிறார்கள். என் வேலையால் ஒரு குடும்பம் ஒன்று சேர்ந்திருக்கிறது. பதின்மூன்றாம் எண்காரி இன்னும் காத்திருக்கிறாள் என்கிறார்கள்.

ஐந்தாம் நாள், காதில் மாட்டும் காம்பு வளைந்து அத்தானின் கண்ணாடி கடைக்கு வந்தது. நிமிர்த்திய அண்ணன், பழக்கதோஷத்தில் அதைப் பவர் பார்க்கும் கருவியில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நேராகப் பிரிண்டரிடம் போய் மூடியைத் திறந்து, உருளையில் ஒட்டியிருந்த பசையை விரலால் தடவினார்.

"எல்லாம் ஒண்ணொண்ணு தள்ளிப்போச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் பிரிண்டரின் மூடியைச் சாத்தினேன்.

"சரி விடு. காம்பு டைட் பண்ணணும்னு எல்லாரையும் வரச் சொல்லு. நான் பவர் பார்த்து மாத்திக் குடுத்துடறேன். காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிடலாம். முதலாளியம்மாவுக்குத் தெரிய வேண்டாம்."

நல்ல மனுஷன். அதுதான் சிக்கல். அவர் சொன்னபடி செய்திருந்தால், நான் ஒவ்வொரு முறை பிரிண்டர் பக்கம் கையை நீட்டும்போதும் அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பார். அந்த ஒன்றும் சொல்லாமல் இருப்பதை என்னால் எத்தனை வருடம் தாங்கியிருக்க முடியும்?

அவர் சாப்பிடப் போயிருந்தபோது ஆறாவது படத்தில் இருந்தபடி பொத்தானை அழுத்தினேன். விளக்கு இரண்டு முறை சிமிட்டியது. "லென்ஸ் பொருத்தி, பொட்டலம் சரிபார்த்தவர்" என்று அடித்து, கீழே அண்ணனின் முழுப்பெயரையும் போட்டேன். இருபத்து மூன்று பிரதிகள். கடையில் நாங்கள் வைத்திருக்கும் ஆர்டர் அட்டைகள் ஒவ்வொன்றிலும் ஒன்று ஒட்டி, முதலாளியம்மாவின் மேசையில் வைத்தேன். வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யார் மீதும் குறை சொல்வது என் சுபாவம் இல்லை.

தபால் நிலையத்திலிருந்து புகார் வந்ததும், முதலாளியம்மா அட்டைகளைப் பார்த்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டார். கண்ணாடிகளை அவர் மாற்றிக் கொடுத்தார். பிறகு ஒன்பது நாள், தபால்காரர்களோடு வீடு வீடாகப் போய், மாறிப்போன கடிதங்களைக் கேட்டு வாங்கிவர வேண்டும் என்று உத்தரவாயிற்று. வெயிலில் போனார். ஒரு வீட்டில் நாய் துரத்தியது. பாட்டு வாத்தியார் பொக்கை வாயோடு திட்டினாராம். அந்த அட்டைகளைப் பார்த்தபோதே யார் வேலை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் முதலாளியம்மாவிடம் என் பெயரை அவர் எடுக்கவே இல்லை.

"மனுஷங்க தப்பு இல்லம்மா, அந்த மிஷின்தான் மாத்தி அடிச்சிருக்கு," என்று சொல்லியிருக்கிறார். என்னைக் காப்பாற்றுவதாக நினைப்பு.

அதன் விளைவுதான் இந்தக் கடிதம். முதலாளியம்மா நேற்றுக் காலை, பிரிண்டரைத் திருப்பி அனுப்பப்போவதாகச் சொல்லிவிட்டார். பெட்டியைக்கூடத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். நான் கீறாமல் பிரித்த அதே பெட்டி.

ஐயா, முதல் லேபிள் சுற்றிக்கொண்டதைப் பார்த்தது நான். பார்த்தும் ஒட்டியது நான். அண்ணன் பெயரை இருபத்து மூன்று தடவை அடித்ததும் நான்தான். அந்த இருபத்து மூன்றில் ஒன்றுகூடக் கோணவில்லை, ஒன்றுகூடத் தள்ளிப்போகவில்லை. அட்டைகளை நீங்களே வாங்கிப் பாருங்கள். அண்ணனுக்கு இன்னும் மூன்று நாள் அலைச்சல் பாக்கி இருக்கிறது. அது எப்படியும் முடிந்துவிடும். ஆனால் பிரிண்டர் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஒரு பாவமும் அறியாத ஒன்று தண்டனை அனுபவிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.